கடைசியாகக் கை வைத்தது யார்?

எம்ரிஸ் பிரோபர்ட்டிடம் காரைக் கொண்டுபோகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கார்பரேட்டரில் கோளாறு, இக்னிஷன் காயில் போய்விட்டது என்று நாமாகவே வியாதிக்குப் பேர் வைத்துக்கொண்டு போய் நின்றால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கையைத் துடைத்த துணியை மேஜைமேல் எறிந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

“கடைசியா இதுல கை வச்சது யாரு?”

எங்கள் ஊர் பென்தரோவில் இந்தக் கேள்விக்கு நெளியாத ஆள் கிடையாது. ஐம்பது அறுபது வருஷத்துப் பழங்கார்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற கூட்டம் நாங்கள். நவம்பர் வந்தால் கொட்டகைக்குள் தள்ளிப் போர்வை போர்த்துவோம். சும்மா விட்டால்தானே? மழைக்காலம் குளிர்காலம் முழுக்க நோண்டுவோம். நோண்டியதெல்லாம் ஏப்ரலில் பல்லை இளிக்கும், எம்ரிஸிடம் ஓடுவோம். நாற்பது வருஷம் தாண்டிய காரை அரசாங்கம் வருஷாவருஷம் பரிசோதனைக்குக் கூப்பிடுவதில்லை. ஆக, எங்கள் கார்களுக்கு எம்ரிஸின் கண்தான் பரிசோதனை, அவன் வாய்தான் சான்றிதழ். ஒரு மனுஷன் கண்ணை அவ்வளவு நம்பியது தப்பு என்று இப்போது சொல்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அவன் பெரிய படிப்பெல்லாம் படித்தவனில்லை. முப்பத்தோரு வருஷம் கல் குவாரியில் லாரி மெக்கானிக். குவாரி மூடியதும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டான். ஒரு தடவை எங்கள் கால்நடை மருத்துவரின் காரில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கெல்லாம் மங்கிப் போனது. மனுஷன் பல்பை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், வயரைக்கூட மாற்றினார். கடைசியில் எம்ரிஸிடம் வந்தார். யார் கை வைத்தது என்றான். ஒருத்தருமில்லை, வெறுமனே பெயிண்ட் அடித்தேன் என்றார் அவர். எம்ரிஸ் டிக்கிக்குள் தலையை விட்டு ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, அதன் அடியில் இருந்த பெயிண்டைக் கத்தியால் சுரண்டித் தகரம் தெரிய வைத்து, திரும்ப முடுக்கினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் திரும்பிப் போகும் வழியைப் பெயிண்ட் அடித்து அடைத்துவிட்டு ஊரெல்லாம் பல்பு தேடுகிறீரே, மாட்டுக்கும் இப்படித்தான் வைத்தியம் பார்க்கிறீரா என்று கேட்டான். மருத்துவர் ஒரு மாசம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

என் தங்கை நெஸ்டாவிடம் அறுபத்தேழாம் வருஷத்துப் பச்சைக் கார் ஒன்று இருந்தது. மேல்கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. கம்பிச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதை ஸ்பேனரால் முடுக்குவதில்லை, செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடப்பக்கத்து மரை ஒரு திசை, வலப்பக்கத்து மரை எதிர்த்திசை. அதனால் எந்தச் சக்கரமானாலும் நட்டின் மேல்காதைக் காரின் பின்பக்கம் பார்த்து அடித்தால் இறுகும், முன்பக்கம் பார்த்து அடித்தால் கழலும். சரியாக மாட்டியிருந்தால் கார் ஓட ஓட நட்டு தானாகவே இன்னும் இறுகும். இடம் வலம் மாறிவிட்டால் ஓட ஓடக் கழலும். எங்கள் பழங்கார் கிளப்பில் சேருகிற அன்றே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. எனக்கும் தெரியும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜனவரியில், கொட்டகையிலிருந்து எடுத்து ஓட்டிப் பார்த்ததில், நெஸ்டாவின் கார் கிளம்பும்போது ஒரு ‘டிக்’, நிற்கும்போது ஒரு ‘டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. எம்ரிஸ் ஈரத்தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, அவளை நாலு தடவை காரை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னான். பின்சக்கரம் ஏறி உட்காரும், நட்டுக்கான மரையும் உள்ள ஹப்பில் பல் தேய்ந்துவிட்டது, சக்கரம் உள்ளே ஆடுகிறது என்றான். இரண்டு பின் ஹப்பையும் மாற்ற வேண்டும். அச்சை வெளியே எடுத்தபோது அடிப்பக்கத்தில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. அதைப் பற்றவைக்க அச்சை மரத்தாங்கிகள் மேல் தலைகீழாகப் புரட்டிப் போட்டான். பற்றவைத்த கையோடு, புரட்டாமலே, புது ஹப் இரண்டையும் மாட்டினான். அன்றைக்கு நான் உலர்பழம் போட்ட பாராபிரித் ரொட்டி கொண்டுபோய் அங்கேதான் நின்றிருந்தேன். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தான்.

ஏப்ரலில், எங்கள் கிளப் கார்களின் முதல் ஊர்வலத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், நெஸ்டா என்னைக் கூப்பிட்டாள். ஓட்டத்துக்கு முன்னால் நட்டுக்கு மூன்று அடி கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவளுக்கு மணிக்கட்டில் மூட்டுவலி. கடைக்குப் போய் வந்ததிலேயே பின் நட்டு கொஞ்சம் லூசானது போலிருக்கிறது, எம்ரிஸிடம் போனில் சொன்னேன், புதுசு இல்லையா, படிந்துகொள்ளும் என்றான் என்றாள்.

முன்சக்கரங்கள் இரண்டும் கல் மாதிரி நின்றன. பின் இடச்சக்கரத்தில் பின்பக்கம் பார்த்து ஒரு அடி வைத்தேன். நட்டு இறுகவில்லை, சுற்றிக்கொண்டு லூசானது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். பிறகு முன்பக்கம் பார்த்து அடித்தேன். இறுகியது. வலச்சக்கரமும் அப்படியே.

“அக்கா, என்ன எதிர்ப்பக்கம் அடிக்கிற?” என்றாள் நெஸ்டா.

“இறுகுற பக்கம் அடிக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவளுக்கு நட்டு தெரியாதாடி?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மனசுக்குள் ஏதோ நெருடியது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாட்டியவன் எம்ரிஸ். அவன் வேலையில் குற்றம் கண்டுபிடித்து, அவன் வாயில் விழுந்து, ஊர் சிரிக்க நான் நிற்க வேண்டுமா? இதுதான் என் நினைப்பு. என் ஆயுசுக்கும் வெட்கப்படுகிற நினைப்பு.

ஞாயிறு காலை நெஸ்டாவின் இடப்பக்க சீட்டில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு வழித்தாள் படித்துச் சொல்ல ஆள் வேண்டும், அதற்கு முந்தின வருஷம் வரை அது நான்தான். இந்தத் தடவை என் காரையும் ஊர் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. கிளம்புகிற நேரத்தில் அது முரண்டு பிடித்தது, இருமிவிட்டு அடங்கிப் போனது. நெஸ்டா பத்து நிமிஷம் காத்திருந்தாள். கணவாய் தாண்டி ஏரிக்கரை டீக்கடையில் பார்க்கலாம் என்று கையாட்டிவிட்டுத் தனியாகப் போனாள். அந்தப் பச்சைக் கார் தேவாலய முக்கில் திரும்பியபோது, ஒரு ‘டிக்’ கேட்டது. எனக்குக் கேட்டதா, நானாகப் பின்னால் சேர்த்துக்கொண்டேனா, இன்றைக்குவரை தெரியவில்லை.

அடுத்த தெருதானே என்று காரைத் தள்ளிக்கொண்டு எம்ரிஸிடம் போனேன். கேள்வி வந்தது. நான்தான், வெள்ளிக்கிழமை, எஞ்சினில் பொறி சரியாக வர உதவுகிற கண்டன்சரைப் புதுசாகப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். நல்லா ஓடுகிற காருக்குப் புதுசு எதற்கு, பொழுது போகவில்லை என்றால் ஸ்வெட்டர் பின்னக் கூடாதா என்றான். என் பையிலிருந்த பழைய கண்டன்சரையே வாங்கி மாட்டினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பானட்டை மூடிக்கொண்டே, நெஸ்டாவின் நட்டு என்னாயிற்று என்று விசாரித்தான்.

“நேத்து நான்தான் அடிச்சேன். உன் ஹப்பு தனி ரகம்பா. முன்பக்கம் பாத்து அடிச்சாத்தான் இறுகுது.”

அவன் கை பானட்டின் மேலேயே நின்றுவிட்டது.

“எந்தப் பக்கம்னு சொன்னே?”

திரும்பச் சொன்னேன். அவன் வேன் சாவியை எடுத்தான்.

போகிற வழியெல்லாம் நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். கரெக் கணவாயில் சிக்னல் கிடையாது, நெஸ்டா போனைக் கைப்பைக்குள்ளிருந்து எடுக்கிறவளும் கிடையாது. எம்ரிஸ் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் காற்றில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அச்சின் நடுவில் காரின் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு அவனைப் பார்த்து இருந்தால் அவன் வலக்கைப் பக்கம் காரின் இடப்பக்கம். குவாரிக் காலத்திலிருந்து அவன் கைக்குப் பழகிய கணக்கு அது. யோசிக்காமலே கை செய்யும்.

“தலைகீழாக் கெடந்துச்சு, எனிட்” என்றான். “மூக்கு என்னைத்தான் பாத்துச்சு. ஆனா தலைகீழாக் கெடந்துச்சு. இடம் வலமாப் போச்சு.”

கொஞ்ச தூரம் போனதும், நேற்று எவ்வளவு பலமாக அடித்தாய் என்று கேட்டான். என் பலம் மொத்தத்தையும் வைத்து என்றேன். அப்படியென்றால் ஏற்றம் வரை தாங்கும் என்றான். இறக்கத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சாலை காலியாக இருந்தது. காலியாக இருக்க இருக்கப் பயம் கூடியது.

கணவாயின் உச்சியைத் தாண்டி இரண்டாவது வளைவில், சாலை நடுவில் என்னவோ மின்னியது. எம்ரிஸ் வேனை நிறுத்தி இறங்கிப் போய் எடுத்துவந்தான். நட்டு. அதை என் மடியில் வைத்தான். இன்னும் சூடு இருந்தது.

அதற்குக் கீழே, சரிவில், ஆடுகள் மேய்கிற இடத்தில் கம்பிச் சக்கரம் படுத்துக் கிடந்தது. ஒரு ஆடு அதை முகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் கிளப் கார்கள் வரிசையாக நின்றன. பச்சைக் கார் கற்சுவரில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கக் கதவு சீட்டோடு சீட்டாக நசுங்கியிருந்தது. நான் உட்கார்ந்திருக்க வேண்டிய சீட்டு. நெஸ்டாவைப் புல்லில் கிடத்திக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, “அக்கா, என் காலு இருக்கா?” என்றுதான்.

ஆம்புலன்ஸ் வந்தது, பிறகு போலீஸ் வந்தது. இளவயதுப் பெண் போலீஸ், கையில் குறிப்பேடு. சக்கரம் இல்லாத அச்சைக் குனிந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“இந்தச் சக்கரத்துல கடைசியா கை வச்சது யாருங்க?”

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“நான்தான்” என்றான் எம்ரிஸ். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். “வேற யாரும் கை வைக்கல.”

அவள் எழுதிக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணையில் அவன் எதையும் மறைக்கவில்லை, என்னைத் தவிர. மறுவாரமே கொட்டகையைப் பூட்டினான், அதற்குப் பிறகு ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. நாங்கள் இப்போது காரைப் பக்கத்து டவுனுக்குக் கொண்டுபோகிறோம். அங்கே கம்ப்யூட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே சொருகுவது என்று எங்களையே கேட்கிறார்கள். எம்ரிஸ் காலையில் கால்வாய்க் கரையில் நாயோடு நடப்பான். எதிரே நான் வந்தால் தொப்பியைத் தொடுவான். ஆறு வருஷமாக அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ திட்டுவதில்லை.

நெஸ்டாவின் இடுப்பில் இப்போது இரும்பு இருக்கிறது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டாள், கார் ஓட்டவும் முடியாது. அந்தச் சனிக்கிழமை நான் எந்தப் பக்கம் பார்த்து அடித்தேன் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போய் அவளைக் கூட்டிவருவேன். ஆட்டுக்கறி வறுவல், புதினாச் சாறு, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு. சாப்பாட்டுக்கு நடுவில் எப்படியாவது எம்ரிஸ் பேச்சு வந்துவிடும். அவன் கை விளங்காமல் போக என்று சபிப்பாள். போன வாரமும் வந்தது.

“நட்டு லூசா இருக்குன்னு போன்ல தலைபாடா அடிச்சுக்கிட்டேன். படிஞ்சுக்கும்னான் பாவி. நீயாவது அன்னைக்குப் பலமா அடிச்சுக் கொடுத்தியேக்கா, அதனாலதான் கணவாய் ஏறுற வரைக்கும் தாங்குச்சாம், டாக்டர்கிட்டகூடச் சொன்னேன்.”

நான் உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“சாப்பிடு. ஆறிடப் போகுது” என்றேன்.