கேட்டருகே நின்ற எண்ணெய் லோரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. சிரம்பானில் தொழிற்கல்வி படித்துக்கொண்டிருந்த என்னைப் பயிற்சிக்காகத் தம்பின் ஊர்ப் பக்கம், பாமாயில் எனப்படும் செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். காலையில் பஸ் ஏறினால் இறங்கும்வரை தோட்டங்கள்தான். வேர்த்து வழிந்துகொண்டு போய் ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்தால், குளுகுளுவென்று ஏர்கோன்! அதற்காகவே நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

அங்கே ‘ஜி.சி.’ என்று ஒரு மெஷின். கேஸ் குரோமட்டோகிராஃபி என்று முழுசாகச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எண்ணெயைப் பக்குவம் செய்து ஊசியால் துளி ஏற்றினால், அதிலுள்ள கொழுப்புகளைச் சூடாக்கி, வாயுவோடு நீளமான குழாயில் ஓடவிட்டுப் பிரித்துவிடும். ஒவ்வொன்றும் அதற்குரிய நேரத்தில் வெளியே வரும்போது தாளில் ஒரு முகடு எழும். முகடு வந்த நேரத்தை வைத்தே எண்ணெயில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் உடனே தொட விட்டுவிடுவார்களா? எங்கள் அதிகாரி ஒரு சீனப் பெண்மணி. ‘மிஸ்’ என்று கூப்பிடுவோம். “முதலில் இதில் பழகுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் தப்பு செய்யுங்கள்” என்று மலாயில் சொல்லி, ஒரு டிஸ்கெட்டைக் கொடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

என்னோடு சேர்ந்து அதில் பழகியவர் ஓர் அக்கா. தோட்டத்தில் மண்டோரிடம், அதாவது மேஸ்திரியிடம், ஏச்சு வாங்கியபடி உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர். மூன்றாம் படிவம் வரை படித்திருந்ததால் ஆய்வுக்கூட வேலைக்குத் தேர்வாகியிருந்தார். திரையில் வரும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்வேன், அவர் தட்டுவார். சூட்டை அதிகமாக வைத்துவிட்டால் முகடுகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஒன்றாக வந்து நிற்கும். ‘தவறு, மறுபடியும் செய்யவும்’ என்று எழுத்து மின்னும்.

“பாத்தியா தங்கச்சி, திட்டாமயே சொல்லிக் குடுக்குது. எங்க மண்டோர இதுகிட்ட படிக்க வுடணும்லா!” என்று அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். ஆயுத பூசைக்கு அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். மிஸ் பார்த்தும் துடைக்கவில்லை. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பயிற்சியை முடித்து மெஷினைத் தொட ஆரம்பித்தோம். அக்காவின் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டத்து ஆலையிலிருந்து வந்த லோரி ஒன்றின் எண்ணெயை அக்கா தயார்செய்து ஏற்றினார். தாளில் முதலில், வரவே கூடாத இடத்தில், ஒரு முகடு எழுந்து நின்றது.

மிஸ் முகம் மாறிவிட்டது. லோரியில் வந்தது பழச் சதையின் எண்ணெய்; செம்பனைக் கொட்டை எண்ணெயில்தான் அந்தக் கொழுப்பு அதிகம். டிரைவர் வழியில் எண்ணெயை எடுத்து விற்றுவிட்டு, அளவைச் சரிக்கட்ட இதைக் கலந்திருக்கிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். லோரியைக் கேட்டிலேயே நிறுத்தச் சொன்னார். தோட்டத்து மேனேஜருக்குச் சொல்லப் போனை எடுத்து, டைரியில் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அந்தப் போன் போய்விட்டால் டிரைவரின் வேலை அன்றோடு சரி.

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து அந்தப் பாடத்தைத் திறந்தார். அந்த முகட்டுக்கு நேராக இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று கொட்டை எண்ணெய். இன்னொன்று தேங்காய் எண்ணெய். அக்கா தன் விரல்களைப் பார்த்தார். பளபளவென்று இருந்தன. காலையில் தலைக்கு வழிய வழிய எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார். குனிந்து வேலை செய்யும்போது பின்னல் முன்னால் விழ விழ, கையால்தான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கையுறை போடும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, இப்ப சொன்னீங்கன்னா ஒங்கள கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்கக்கா.”

“அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. அதுக்காக அவரு வீட்டு அடுப்புல நான் தண்ணி ஊத்தவா? வுடு கைய.”

நேரே போய், “மிஸ், போன் பண்ணாதீங்க. தப்பு என்மேல இருக்கலாம்” என்று மலாயில் சொன்னார். பின்னலைத் தூக்கிக் காட்டினார்.

மிஸ் போனை வைத்துவிட்டு, கையைக் கழுவிக் கையுறை போட்டுக்கொண்டு மறுபடி செய்யச் சொன்னார். அதே லோரி எண்ணெய்தான். முன்பு அந்த முகடு எழுந்த நேரம் நெருங்க நெருங்க நாங்கள் மூவரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

டிரைவரிடம் அக்காவே போய்ச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. “அலாமாக்! இனிமே ஷாம்பு போட்டுட்டு வாங்கலா அக்கா” என்று சிரித்தபடியே லோரியை எடுத்தார். அக்காவை மிஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. சொன்ன நாளில் வேலையும் நிரந்தரமானது.

இன்று நீலாயில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு நான் பொறுப்பு. யாரோ முகம் தெரியாத ஒருவரைக் குற்றவாளியாக்கும் முடிவு மேசைக்கு வரும்போதெல்லாம், கையெழுத்துப் போடுவதற்கு முன் என் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.