கூரையில் கண்ட நீலம்

கௌரி அக்காவின் குளியலறைக் கூரையில் நான் கண்டது நீலம். கேசரி நிறம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. முதலில் இதைக் கேட்டுவிடுங்கள். இனி வருவதெல்லாம் நான் தேடும் சாக்காகவும் இருக்கலாம்.

யோசனை எனக்குத்தான் உதித்தது. அப்பாவின் வேட்டியை அலசிவிட்டு, வாளித் தண்ணீரில் அம்மா சொட்டு நீலம் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சுழன்று இறங்கி வாளி முழுக்கப் பரவியதைப் பார்த்தேன்... பளிச்சென்றது!

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடியே அப்போது ஒரு கசிவைத் தேடிச் சலித்திருந்தது. முதல் மாடியில் கௌரி அக்கா வீட்டுக் குளியலறைக் கூரை சொட்டியது. அதற்கு மேலே, ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு கழிவறைகள். ஒன்று எங்களுடையது, மற்றது வாடகைக்கு இருந்த குமார் அண்ணனுடையது. ஒரு பிளம்பர் குழாயை மாற்றினார். இன்னொருவர் ஓடுகளின் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசினார். சொட்டு நிற்கவில்லை.

எங்கள் ஃப்ளஷ் தொட்டியில் நீலம் விடுவது, அவர்கள் தொட்டியில் கேசரிப் பவுடர் கரைப்பது, கீழே எந்த நிறம் சொட்டுகிறது என்று பார்ப்பது. எவ்வளவு எளிது!

குமார் அண்ணனின் மனைவி டப்பாவை நீட்டியபடியே சிரித்தார். "பாப்பா பொறந்தநாளுக்குக் கேசரி கிண்டலாம்னு வெச்சினு இருந்தேன் தம்பி. அத்தப் போய் கக்கூஸ்ல கொட்டச் சொல்ற."

"தம்பி படிச்ச புள்ள. அது சொன்னா கரீட்டாதான் இருக்கும்," என்றார் அண்ணன். பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்.

மேலே இரண்டு வீட்டிலும் ஃப்ளஷை அழுத்தச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். சொட்டும் இடம் பரணுக்குப் பின்னால். ஸ்டூலில் ஏறித் தலையை நுழைத்தால்தான் தெரியும். கௌரி அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். டார்ச் அடித்தேன்.

நீலம். வேட்டிக்குப் போடும் அதே நீலம்.

"இன்னாடா, எந்தக் கலரு கீது?"

எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டை மாட்டியது நான். முழங்கால் வலியால் அப்பாவுக்குக் குந்த முடியவில்லை என்று, ஆள் வைக்காமல், வீடியோ பார்த்து நானே மாட்டினேன். வருகிறவர்களையெல்லாம் அப்பா கழிவறை வரை கூட்டிப்போய்க் காட்டுவார். "எம்புள்ள கைவேல." அந்த நேரத்தில் அவர் முகம்தான் எனக்குள் வந்தது... இது உண்மையான காரணமா, உங்கள் இரக்கத்துக்காக நான் விரிக்கும் வலையா? எனக்கே தெரியவில்லை.

கைக்குட்டையால் துடைத்தேன். "கேசரிக் கலர்க்கா," என்றேன். போதும் என்று மேலே குரல் கொடுத்தேன். கைக்குட்டையைப் பைக்குள் திணித்தேன். அதைக் காட்டு என்று யாராவது கேட்டிருந்தால்... கேட்கவில்லை.

இருக்கிற ஒரே கழிவறையைப் பெயர்க்க வேண்டும் என்று குமார் அண்ணனை அவர் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். மகள் பத்தாம் வகுப்பு; பள்ளி எங்கள் தெருமுனையில்தான். இப்போது குமணன்சாவடியிலிருந்து பேருந்து மாறி வருகிறாள். சாமான் ஏற்றிய அன்று அண்ணன் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

"எங்க ஊட்டுத் தண்ணிதான் அக்காவுக்கு இவ்ளோ நாளு தொல்ல குட்த்துச்சின்னு தெரியாமப் போச்சே தம்பி."

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்!

அங்கே தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். கூரை இன்றும் சொட்டுகிறது.

நானும் தேடாமல் இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு டாய்லெட்டின் அடியைச் சுற்றிக் காகிதம் விரித்துப் பார்த்தேன், நனையவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் தடவினேன், ஈரமில்லை. ஒருநாள் அதன்மேல் கை ஊன்றியபோது மெல்ல ஆடியது... அடியில், தரைக்குழாயோடு சேரும் இடத்தில், என் அவசரத்தில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. அதைச் சுற்றி நானே சிமெண்டும் பூசி மூடியிருக்கிறேன். ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் கசிந்து, தளத்துக்குள்ளேயே ஓடி, குமார் அண்ணன் பக்கமாய்ப் போய்ச் சொட்டுகிறது. உடைக்காமல் சரிசெய்ய முடியாது. உடைத்தால் அப்பா ஏன் என்று கேட்பார்.

சரிசெய்துவிட்டால் மட்டும் என்ன? அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்தாயிற்று. அந்தப் பெண்ணின் பத்தாம் வகுப்பு பேருந்திலேயே கழிகிறது. அதை எந்த சிமெண்டால் பூசுவேன்?

நேற்று குமார் அண்ணனுக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை.

"இன்னா தம்பி, கேசரியா?" என்று சிரித்தார்.

சொட்டு நீலம் புதுப் புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். கௌரி அக்காவிடம் ஸ்டூலைக் கேட்டிருக்கிறேன். அப்பாவையும் கீழே வந்து நிற்கச் சொல்ல வேண்டும். ஃப்ளஷை நான் அழுத்துவேன். இந்த முறை ஸ்டூலில் ஏறப்போவது குமார் அண்ணன்.