சில்வர் ஓக் மரத்தில் ஒரு போன்

கரடியூரில் மிளகு வாங்கப் போன இடத்தில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை சேறு. சின்னத் தோட்டம், ஒற்றை ஆள். சிக்னல் கிடைப்பது ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் என்பதால், போனை மஞ்சள் பையில் போட்டு அந்த மரத்தில் மாட்டியிருந்தார். தண்ணீர் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு காப்பி நாற்றுகளைச் சாய்த்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்ட மாடு அவரைக்கொடியை மேய்ந்தது. எதற்கு ஓடினாலும் போகிற போக்கில் அந்தப் பையை ஒருமுறை பார்த்துவிடுவார்.

மதியம் கோடை மழை கொட்டியது. களத்தில் காய்ந்த மிளகை இருவரும் வாரிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரருங்க! லாரில வடக்க போயி இருவது நாளாச்சு. இத அள்ளாம விட்டா வருசத்து மொளகும் போயிருமுங்க. நீங்க ஓடிப்போயி எடுங்க!"

எடுத்தேன். "மாடு தண்ணி குடிச்சுதா?" என்றது குரல். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போனோடு வந்து அதைச் சொன்னேன்.

"கொரலு எப்படீங்க இருந்துச்சு?"

மழைச் சத்தத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

மிளகை வாரி முடித்ததும், ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போனை வாங்கிக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். லைன் இல்லாத அந்தப் போனில் அவருக்கு என்ன கேட்டதோ, இன்றுவரை தெரியவில்லை.