ஜான்சன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை

கண்ணாயிரத்தின் வலது காலில் மூன்று விரல்கள்தான். பட்டாளத்தில் இருந்தபோது பனிமலை எல்லையில் மற்ற இரண்டையும் குளிர் தின்றுவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொள்கிறார். மலையைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை.

போர் நாவல் எழுதப்போவதாக வந்த அருள்மொழியிடம் மட்டும் பேசினார். நான்கு நாள் உப்பள வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கூடாரத்தில் மண்ணெண்ணெய்ப் புகையால் எச்சில் கறுத்துப்போவதை, பசியே எடுக்காததை, பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து பட்டாளத்துக்கு வந்திருந்த ஜான்சன் செத்த விதத்தை. மேலே இருந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் கேன் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஜான்சன் பனிப்பிளவில் விழுந்தான். கயிறு எட்டவில்லை. வேறு கயிறு வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதுவரை நான்கு மணி நேரம் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருந்தான். ஜான்சனின் மனைவி ஸ்டெல்லாவிடம் முன்பே, விழுந்ததுமே போய்விட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நாவல் வெளிவந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா உப்பளத்துக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, அவரு பதினோரு பேரை சுட்டுட்டு சிரிச்சிக்கினே செத்தாருன்னு போட்டுருக்குது. நீங்க வேற மாதிரி சொன்னீங்களே. யாருண்ணே பொய் சொல்றது?”

கண்ணாயிரம் அங்கேயே புரட்டினார். அதில் குண்டுமழையில் வீரர்கள் பாட்டுப் பாடினார்கள். மண்ணெண்ணெய் என்ற சொல்லே எங்கும் இல்லை.

நாவலுக்குப் புதுச்சேரியில் நடந்த பாராட்டு விழாவுக்கு இருவரும் போனார்கள். மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தியதும் கண்ணாயிரம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“சார், ஜான்சன் ஒரு குண்டுகூட சுடல. அவன் தூக்கிப்போன மண்ணெண்ணெய் இல்லன்னா மேல எட்டு பேரு வெறைச்சி செத்திருப்பானுங்க. அது உங்களுக்கு பத்தலையா?”

அருள்மொழி சிரித்தார். “நாவல்னா கற்பனை வேணுங்க. படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கணும் இல்ல?”

“வூட்ல ஃபேனைப் போட்டுக்கினு படிக்கிறவனுக்கா? எங்களுக்கு அங்க ரத்தமே உறைஞ்சிபோச்சு சார்!”

“சரிங்க, அடுத்த பதிப்புல பேரை மாத்திடறேன்.”

“பேரு கெடக்கட்டும். அந்த சாவை மாத்துங்க!”

யாரோ மைக்கை அணைத்தார்கள். கண்ணாயிரம் சால்வையை நாற்காலியில் எறிந்துவிட்டு இறங்கினார்.

திரும்பி வரும் பேருந்தில், இனி மறைக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அந்த நான்கு மணி நேரத்தை ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

அவள் முகம் இறுகியது. “அந்தாளு ஊருக்கு பொய் சொன்னாரு. நீங்க எனக்கு சொல்லியிருக்கீங்க. இத்தினி வருஷமா!”

“நீ தாங்கமாட்டேன்னு…”

“அதை நீங்க எப்படிண்ணே முடிவு பண்ணீங்க?”

அனுமந்தையில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

இரண்டாம் பதிப்பில் ஜான்சனுக்கு வேறு பெயர் வந்தது. பதினோரு பேரும் பாட்டும் அப்படியே இருந்தன. அந்த வாரம்தான் ஸ்டெல்லா போன் செய்தாள்.

“வூட்டுக்கு வாங்க. நாலு மணி நேரமும் அவரு என்ன பேசினாரோ அத்தனையும் எனக்கு வேணும். பொய் கலக்காதீங்க.”

கண்ணாயிரம் போனார். எதையும் விடாமல் சொன்னார்.