உபவாசக் கஞ்சியில் கை விட்ட என் மகள்

அன்பான விசுவாசிகளே, பிள்ளை வெளிக்குப் போனதையெல்லாம் சாட்சின்னு சொல்ல வந்துட்டாளேன்னு நினைக்காதீக. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சிருக்கேன். சிரிக்கிறவுக சிரிச்சு முடிச்சிட்டுக் கேளுங்க.

என் பேரு செல்வி. சிவகாசி பக்கத்துல விஸ்வநத்தத்துல இருக்கேன். பட்டாசு கம்பெனியில சரம் பின்னுற வேலை. வீட்டுக்காரர் லாரியில லோடு ஏத்தப் போறாரு. ரொம்பக் காலம் காத்துக் கிடந்து, கேட்டுக் கேட்டு வாங்குன ஒரே பிள்ளை பெனிட்டா. அவளுக்கு ரெண்டு வயசு நடக்கையில, போன வருஷம் கோடையில, இந்தச் சோதனை வந்துச்சு.

பிள்ளை சோத்தைக் கண்டா வாயை இறுக்கி மூடிக்கிடும். பால் மட்டும் எம்புட்டு வேணாலும் குடிக்கும். பாட்டில்ல பாலை ஊத்தி பிஸ்கட்டை ஊறப்போட்டுக் கொடுத்தா மடமடன்னு இறங்கும். பால்தானே, சத்துதானேன்னு நானும் கொடுத்தேன். பகல்ல அவளைப் பாத்துக்கிடுற பக்கத்து வீட்டு முத்துமாரி அக்காவும் கொடுத்துச்சு. கொஞ்ச நாள்ல வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. வெளிக்கு வந்தா கதவுக்குப் பின்னால போய், நுனிக்கால்ல நின்னு, முகமெல்லாம் செவந்து, அடக்கி அடக்கி அழும். போனா ரத்தம் தெரியும்.

தின்னது எதுவோ சிக்கிக்கிட்டுக் கிடக்கு, தொக்கம் எடுக்கணும்னு அந்த அக்கா, வயித்தைத் தடவி எடுக்குற ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. அதுலயும் கேக்கல. பிறகு யாரோ சொன்னாகன்னு வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி வச்சுப் பாத்தோம். அதுக்கப்புறம் நான் ஜட்டியில கை வச்சாலே பிள்ளை அலறும். பெத்தவளைக் கண்டு பிள்ளை பயந்துச்சு. அதை மட்டும் என்னால தாங்க முடியல.

சிவகாசியில டாக்டரம்மாகிட்ட காட்டினோம். பால் வயித்தை அடைச்சுக்கிடுது, அதான் பசியே எடுக்கல, மலமும் இறுகுது, வலிக்குப் பயந்து பிள்ளை அடக்குது, அடக்க அடக்க இன்னும் இறுகுதுன்னு விளக்கமாச் சொன்னாக. உடம்புல ரத்தமும் கம்மின்னாக. மலம் இளகுறதுக்கு ஒரு மருந்து, ரத்தத்துக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, பாலைக் குறைச்சு, பாட்டிலை நிறுத்தி, சோறு, பருப்பு, கீரை, பழம் கொடுக்கச் சொன்னாக. எடை இன்னும் இறங்குனா மதுரைக்குக் கொண்டு போய்ச் சேக்கணும்னும் சொல்லிட்டாக. பாலைக் குறைச்சேன். பிள்ளை சோறும் திங்கல. கெஞ்சினேன், அதட்டினேன், செல்லைக் காட்டினேன், கன்னத்தை அமுக்கி ஊட்டினேன். அம்புட்டையும் துப்பிருச்சு. விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு.

எனக்கு ஆண்டவர் மேல கோவம்னா கோவம். மறைக்க என்ன இருக்கு, சண்டைதான் போட்டேன். கேட்டு வாங்குன பிள்ளையை இப்படிக் காயப்போட்டுப் பாக்கீரேன்னு அழுதேன். பிறகு உபவாசத்துல இறங்கினேன். வெள்ளிக்கிழமை எப்பவும் உண்டு. புதன்கிழமையும் சேத்தேன். அப்புறம் மத்த நாள் காலைச் சாப்பாட்டையும் விட்டேன். பிள்ளை திங்காதப்ப எனக்கென்ன சோறுன்னு ஒரு வைராக்கியம். ஒரு நாள் கம்பெனியில தலை சுத்தி உக்காந்துட்டேன். வெடிமருந்து கிடக்குற எடத்துல மயங்கி விழுந்தா என்ன ஆகும்னு போர்மேன் சத்தம் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

அந்த வார வெள்ளிக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கிட்டு உபவாச ஜெபத்துக்கு வந்தேன். ஜெபக் குறிப்பு கேட்டப்ப ஒரு அக்கா மகனுக்கு வேலைன்னாக, இன்னொருத்தர் மகளுக்கு வரன்னாக. எனக்கு வாயே வரல. கடைசியில, என் பிள்ளை ஒரு வாய் சாப்பிடணும், வலியில்லாம வெளிக்குப் போகணும்னு சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டேன். யாரும் சிரிக்கல. நாங்க ஐயரம்மான்னு கூப்பிடுற போதகர் வீட்டம்மா பிள்ளை வயித்துல கை வச்சு ஜெபிச்சாக.

ஜெபம் முடிஞ்சதும் எப்பவும்போல கஞ்சியும் பருப்புத் துவையலும் வந்துச்சு. பசியில கண்ணு இருட்டுது. மடியில பிள்ளை இருக்குறதையே மறந்துட்டு அள்ளி அள்ளித் தின்னேன். பிள்ளை என் வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. திடீர்னு என் தட்டுக்குள்ள கையை விட்டு, கஞ்சியை அள்ளி, வாயில வச்சுச்சு. பாதி என் சேலையில. மறுபடியும் அள்ளுச்சு. நான் அசையல.

எதிர்ல உக்காந்திருந்தாக ரூபி அக்கா. ஆஸ்பத்திரியில நர்சு. மெல்லக் கேட்டாக.

"செல்வி, நீ சாப்பிடுறதை இவ என்னைக்காச்சும் பாத்திருக்காளா?"

யோசிச்சேன். காலையில பிள்ளை எந்திரிக்க முன்ன அடுப்படியில நின்னபடியே ரெண்டு வாய் போட்டுட்டு ஓடுவேன். இப்ப அதுவும் இல்ல. மத்தியானம் கம்பெனியில தூக்குச்சட்டி. சாயங்காலம் அவகூட மல்லுக்கட்டி, அவ தூங்குனப்புறம்தான் என் தட்டு. பிள்ளைக்குச் சோறுன்னா அம்மா கையில வர்ற சண்டை, அம்புட்டுத்தான் தெரியும். பிள்ளைக பாத்துத்தான் படிக்கும், ஊட்டாத, கூட உக்காந்து நீயும் சாப்பிடுன்னாக ரூபி அக்கா. ஐயரம்மா என் தலையில கை வச்சாக.

"ஆண்டவர் உன்னையச் சாப்பிடச் சொல்லுறாரு, செல்வி. சாப்பிடு."

ஒரே நாள்ல எல்லாம் மாறிரல. மருந்தை டாக்டரம்மா சொன்ன மட்டுக்கும் விடாமக் கொடுத்தோம். பாட்டிலை எடுத்துப் போட்டேன், பாலை டம்ளர்ல அளவா ஊத்தினேன். காலையில சீக்கிரமா எழுப்பி ரெண்டு பேரும் தரையில உக்காந்து சாப்பிட்டோம். மத்தியானம் முத்துமாரி அக்கா பிள்ளையை எதுக்க உக்கார வச்சுச் சாப்பிட்டுச்சு. அக்கா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்திருக்கு, அதோட நம்பிக்கை அதுக்கு. என் பிள்ளைக்குக் கீரையும் கொய்யாப்பழமும் திங்கப் படிச்சுக் கொடுத்தது அந்தக் கைதான், அந்த அக்காவுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்றேன்.

ஒரு காலையில, சாப்பிட்டதும், கால் ஊனப் பலகை போட்டு வெளிக்கு உக்கார வச்சிருந்தேன். போயி முடிச்சிட்டு நிமிந்து பாத்து, "அம்மா, வலிக்கல"ன்னுச்சு. நான் போட்ட அல்லேலூயாவுல தெருவே ஓடி வந்துருச்சு. எங்க ஊர்ல பொம்பளை அலறுனா எந்தக் கம்பெனியிலயோ வெடிச்சிருச்சுன்னுதான் அர்த்தம். வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோட வந்து நிக்காரு. விஷயத்தைச் சொன்னதும் அவரும் அழுதாரு.

இப்ப ரத்தம் ஏறிருச்சு, எடையும் ஏறுது. மதுரைக்குப் போற வேலை இல்லாமப் போச்சு. நம்ம தகப்பன்கிட்டக் கேக்க வெக்கப்படுறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு நான் கண்டுக்கிட்டேன். வாயில வராததையும் அவர்கிட்டச் சொல்லுங்க. அவர் மனுஷரை வச்சுச் சொல்லுற பதிலையும் தள்ளிராதீக.

நேத்துச் சாயங்காலம் வேலை முடிஞ்சு அலுத்துப் போய் உக்காந்தேன். அவளுக்கு மட்டும் தட்டை வச்சேன். பிள்ளை ஒரு பிடியை எடுத்துக்கிட்டு என் முகத்தையே பாத்துச்சு. பிறகு என் வாய்க்கிட்ட நீட்டி, "அம்மா, ஆ"ன்னுச்சு.