சைலேஜ் குழியில் ரோஜா வாசம்

குழியை மூடிய தார்ப்பாயின் ஓரத்தைச் சரியாக இரண்டடி மட்டும் தூக்கி, உள்ளே தலையை விட்டு, ஒரு பிடி தீவனம் அள்ளி இறுக்கிப் பிடிக்கிறார் சைலேஜ்காரர். ஐந்து எண்ணுகிறார். விரலை விரித்ததும் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது. அடுத்தது மூக்கு. கடைசியாக இரண்டு துணுக்கை வாயில் போட்டு மெல்கிறார். "நல்லாத்தான் புளிச்சிருக்கு" என்று, யாரும் கேட்காமலே அறிவிக்கிறார். காலை மணி ஐந்து பத்து. ஏழு கறவை மாடுகளும் இந்தத் தீர்ப்புக்காகத்தான் காத்திருக்கின்றன.

அக்கம்பக்கத்தில் அவருக்குச் சைலேஜ்காரர் என்றே பெயர். பச்சை மக்காச்சோளத் தட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் குழியில் கொட்டி, டிராக்டரை ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் மூடி நாற்பத்தைந்து நாள் புளிக்க வைத்தால் சைலேஜ். மூடிய தார்ப்பாயைக் காற்று தூக்காமல் இருக்க மேலே அறுபத்து மூன்று பழைய டயர்கள். தேய்ந்த டயர் எங்கே கிடைத்தாலும் விடமாட்டார். ஒருமுறை சிக்னலில் நின்ற லாரியின் டயரைத் தடவிப் பார்த்து, இது எப்போது தேயும் என்று ஓட்டுநரிடமே விசாரித்தார்.

தீவனத்தைக் கையால்தான் அள்ளுவார். மண்வெட்டி குத்தினால் இடுக்கில் காற்று புகுந்து குழி சூடேறிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் புளிப்பு வாசம் அவரோடேயே குடியிருக்கிறது. முடிவெட்டுகிறவர் அவரை வாசலோர நாற்காலியில்தான் உட்கார வைப்பார். பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அதை ஜனங்கள் தமக்குத் தரும் மரியாதை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மாடுகளில் மூத்ததற்கு 'மேடம்' என்று பெயர். மேடம் தொட்டியில் வாய் வைத்தால்தான் மற்ற ஆறும் வைக்கும். கறப்பது அவர் மனைவி. மனைவியின் அண்ணனோ மூட்டைத் தீவன வியாபாரி. வாரம் தவறாமல் வந்து, "அழுகுனதைத் தின்னு எந்த மாடு பால் குடுக்கும் மாப்ளே?" என்று வம்புக்கு இழுப்பார். பேச்சு முற்றி ஒருநாள் ஒப்பந்தமே ஆகிவிட்டது. முப்பதாம் நாள் காலைக் கறவை நாற்பது லிட்டரைத் தொட வேண்டும். தொட்டால் மச்சான் சைலேஜைப் பற்றி அப்புறம் வாயே திறக்கக் கூடாது. தொடாவிட்டால் குழியை மண் போட்டு மூடிவிட்டு மூட்டைத் தீவனத்துக்கு மாற வேண்டும்.

ஒப்பந்தத்தன்று முப்பத்தெட்டு லிட்டர். இருபதாம் நாள் நாற்பத்திரண்டு.

அன்று சாயங்காலம் மனைவி புதிதாக ஒரு ரோஜா சோப்பை எடுத்து நீட்டினாள். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதைப் போட்டுக் குளிங்க. தலகாணிகூட புளிச்சுக் கெடக்கு."

அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஒரு நாளைக்கு நான்கு குளியல். ஒவ்வொன்றிலும் முழங்கை வரை இரண்டு முறை நுரை. காலையில் குழியைத் திறக்குமுன் ஒன்று கட்டாயம்.

இருபத்தோராம் நாள் பிடியை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். மறுபடி முகர்ந்தார். ஓட்டமாக ஓடி மனைவியை எழுப்பி, "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு பதம் வந்ததில்ல. பூ வாசம் அடிக்குது" என்றார். அவள் புரண்டு படுத்துக்கொண்டாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவரைக் கூட்டிவந்து, தம் கையாலேயே ஆளுக்கு ஒரு பிடி எடுத்து நீட்டினார். ரோஜாவேதான் என்று அவர்களும் ஒப்புக்கொண்டு, குழியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேடம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டியை முகர்ந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்ற ஆறும் திருப்பிக்கொண்டன. அடுத்த நாள் பால் முப்பத்தொன்பது, அப்புறம் முப்பத்தேழு. இருபத்தாறாம் நாள் முப்பத்தைந்து. மிதித்த டிராக்டர்காரரைக் குறை சொன்னார், விதையைக் குறை சொன்னார், கடைசியில் மேடத்துக்கு ரசனை போதவில்லை என்றார். குழியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றைக்கே மச்சான் வேன் நிறைய மூட்டையோடு வந்து, கொட்டகை வாசலில் இறக்கி அடுக்கினார். "மண்ணுக்குச் சொல்லி வெச்சுட்டேன் மாப்ளே. ரெண்டு லோடு போதும்ல?"

சைலேஜ்காரர் குழி மேல் ஏறி, ஒரு டயரில் உட்கார்ந்து, பக்கத்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. மனைவி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவருக்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். அதுவரை சைலேஜை விரலாலும் தொடாதவள், தார்ப்பாயைத் தூக்கி ஒரு பிடி உருவி, மூச்சை அடக்கி அடக்கி முகர்ந்தாள். புளிப்பு. சுத்தமான புளிப்பு. கொண்டுபோய் நீட்டினாள். மேடம் தின்றுவிட்டு அவள் உள்ளங்கையையும் நக்கிற்று.

அவள் நேரே குளியலறைக்குப் போய்ச் சோப்பை எடுத்துவந்து, துண்டோடு நின்றவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"குழியில வந்த வாசம் இதுதானே?"

அவர் சோப்பை முகர்ந்தார். தம் கையை முகர்ந்தார். மறுபடி சோப்பை முகர்ந்தார்.

"அதே பதம்தான்" என்றார் மெதுவாக.

அவளுக்கு வந்த சிரிப்பில் சோப்பு நழுவித் தரையில் விழுந்தது. இனிமேல் குளிக்கவா, வேண்டாமா என்று அவர் கவலையோடு கேட்டார். "காலையில மேடத்துக்குப் புடிச்ச மாதிரி போங்க, ராத்திரி எனக்குப் புடிச்ச மாதிரி வாங்க" என்று அவள் தீர்த்துவைத்தாள். பந்தயம் முடியும்வரை மட்டும் சோப்பு பரண் மேல் ஏறியது.

முப்பதாம் நாள் காலை மச்சானே கேன்களை அளந்தார். நாற்பதரை. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார், அப்போதும் நாற்பதரைதான். ஒப்பந்தப்படி வாயைத் திறக்காமல் மூட்டைகளைத் திரும்ப வேனில் ஏற்றினார். சைலேஜ்காரரும் ஒரு கை கொடுத்தார்.

அன்று ராத்திரி சோப்பு பரணிலிருந்து இறங்கியது. விடிந்த பிறகும் அவர்மேல் லேசாக ரோஜா வீசிற்று. குழிக்குப் போனால், மனைவி ஏற்கெனவே அங்கே நிற்கிறாள், கையில் ஒரு பிடி சைலேஜோடு.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். அவள் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு சற்று யோசித்து, அவர் தலையைக் குனியச் செய்து, காதுக்குப் பின்னாலும் கொஞ்சம் தேய்த்துவிட்டாள்.