பேச்சு மண்டபத்தில், வேலை பப்பில்

பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு ஏற்பாடு செய்வது, ஊரார் வீட்டுக் கலியாணத்தில் பந்தி விசாரிக்கிற வேலை: சோறு குறைந்தால் நம் கழுத்தைப் பிடிப்பார்கள், நிறைவாக நடந்தால் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு படம் எடுப்பார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் கணினித் துறை அலுவலகத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பேச்சாளரைக் கூப்பிடுவேன், மண்டபம் பிடிப்பேன், சுவரொட்டி ஒட்டுவேன். அடுத்து வருகிற பேச்சுகள் என்ன, ‘சோஷியல்’ என்ன என்று திங்கட்கிழமை தோறும் மாணவர் எல்லாருக்கும் மின்னஞ்சல் போடுவேன். சோஷியல் என்றால் வேறொன்றுமில்லை, பேச்சு முடிந்த பிறகு பக்கத்துப் பப்பில் கூடிக் குடித்துக் கதைப்பது. அடுத்தவர் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கிப் பழகியவர் நீங்களும் என்றால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

பீட்சாவின் மகிமை

ஸ்கொட்லாந்திலிருந்து ரயிலேறி ஒரு பெண் பேராசிரியர் வந்தார். மனிதர் பேசுவதைக் கணினிக்கு விளங்கவைக்கிற ஆராய்ச்சியில் தலை நரைத்தவர். மண்டபத்தில் இருந்தது நானும், மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும். பேச்சாளர் பெயரைவிட ‘இலவச பீட்சா’ என்பது பெரிய எழுத்தில் இருக்கவேண்டும் என்பது எங்கள் துறைத் தலைவரின் கட்டளை. கட்டளை வீண்போகவில்லை. பேச்சு முடிகிற நேரம் பீட்சாப் பெட்டிகள் வந்தன, பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் ஊர்வலமே வந்தது. கேள்வி கேட்கத்தான் இத்தனை பேர் வருகிறார்கள் என்று நினைத்து அந்த அம்மா முகம் மலர்ந்து எழுந்து நின்றார், பாவம்.

பெட்டியும் கையுமாகத் திரும்பிப் போன ஒருவனை வாசலில் மறித்தேன். இவ்வளவு தூரம் வந்தவரின் பேச்சை ஒரு நிமிடமாவது கேட்டாயா, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவன் கோபிக்கவே இல்லை. சுவரொட்டியைக் காட்டி மிகுந்த மரியாதையோடு சொன்னான்: “பேச்சைக் கேட்டால்தான் பீட்சா என்று இதில் எங்கே போட்டிருக்கிறது?”

முக்கியமான விஷயம்

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அலுவலகத்துக்குள் புயலாக வந்தார். தன் பழைய நண்பர் நேற்று இங்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார், தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று மேசையில் தட்டினார். மின்னஞ்சல் போட்டிருந்தேன். ஞாபகப்படுத்தி இன்னொன்றும் போட்டிருந்தேன். அவருடைய அறைக் கதவிலேயே சுவரொட்டி ஒட்டியிருந்தேன், அதன்மேல் தன் மழைச்சட்டையைத் தொங்கவிட்டவர் அவர்தான். அனுப்பிய மின்னஞ்சல் வழியில் தொலையாமல் எப்படிப் போய்ச் சேருகிறது என்று மாணவருக்குப் பாடம் நடத்துகிற மனிதர் இவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலைத் திறந்து காட்டச் சொன்னேன். என் அஞ்சல்கள் வந்திருந்தன, எல்லாம் திறக்காமலே கிடந்தன. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. “துறையிலிருந்து வருகிற எதையும் நான் திறப்பதில்லை. முக்கியமான விஷயம் என்றால் நீ நேரில் வந்து சொல்லியிருப்பாய்.”

அம்மாமார் எடுத்த போன்

விம்பிள்டன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் எங்கே வேலை செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது என் பிழை. அதற்குப் பிறகு எங்கள் துறையில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு நான்தான் விசாரணை அலுவலகம். பெடியன்களோ என் திங்கட்கிழமை மின்னஞ்சலை அச்சடித்துக் கொண்டுபோய், பேச்சு என்றிருக்கிற வரியை மட்டும் வீட்டில் காட்டுவார்கள். கீழே சோஷியல் என்றிருக்கிற வரிக்கு மேல் பெருவிரல் இருக்கும்.

ஒரு நாள் ஓர் அம்மா போனில் கூப்பிட்டார். “தங்கச்சி, இண்டைக்குப் பின்னேரம் லெக்சர் எண்டு மகன் சொல்றான், உண்மையோ?” உண்மை, பேச்சு இருக்கிறது என்றேன். பொய் சொல்லவும் மனமில்லை, பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்த அம்மா கேட்டார்: “அப்ப ஏன் தங்கச்சி, உங்கடை லெக்சர் கேட்டிட்டு வாறவன் எங்களோடை கதைக்காமல் நேரை போய்ப் பல்லுத் தீட்டுறான்?”

வானில் காத்திருந்தவர்

எங்கள் மாணவி தர்சினி, வீட்டில் அப்படி விரல் வைத்து மறைக்கிற பிள்ளை இல்லை. பேச்சு எத்தனை மணிக்கு முடியும் என்று என் மின்னஞ்சலில் இருந்ததோ, அந்த நேரத்துக்கு அவளுடைய அப்பாவின் வான் வண்டி வெளியே நிற்கும். பிரான்ஸில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, நகரின் கிழக்கே பார்க்கிங் என்கிற ஊரில் மரக்கறிக் கடை போட்டவர். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மகளை ஏற்ற வருவார்.

அவள் படித்தது நடுவில் ஒரு வருடம் கம்பனி ஒன்றில் வேலை பழகவேண்டிய படிப்பு. அந்த இடத்தை மாணவர்தான் தேடிப் பிடிக்கவேண்டும். கோடைக்கு முன் கிடைக்காவிட்டால் சாதாரணப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். அவளுடைய விண்ணப்பங்களுக்கு ஒரு கம்பனியும் பதில் போடவில்லை. அந்த மாசி மாதம் ஒரு மென்பொருள் கம்பனிக்காரர் வந்து பேசினார். பேச்சு முடிந்ததும் தர்சினி கேட்ட கேள்விக்கு அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “நல்ல கேள்வி. பிறகு கதைப்போம்” என்றார். பிறகு என்பது பப்பில். துறைத் தலைவர் அவரைத் தோளில் கைபோட்டு அங்கே கூட்டிப் போனார், தர்சினி புத்தகப் பையோடு வானில் ஏறினாள்.

அந்தக் கம்பனியில் வேலை பழகுகிற இடம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? பேச்சுக்கு வராமல், நேரே பப்புக்கு வந்து, கம்பனிக்காரரோடு உதைபந்தாட்டம் பற்றிக் கதைத்த ஒருவனுக்கு. கேள்விப்பட்டதும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். துறைத் தலைவரிடம் போய், நல்ல கேள்வி கேட்டவள் அந்தப் பெண்தானே என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் இன்னும் எரிச்சல். “கெட்டிக்காரிதான். ஆனால் ஆர்வம் இருந்திருந்தால் பப்புக்கு வந்திருப்பாளே?”

தேநீர் கேட்டவள்

சோஷியலை மண்டபத்திலேயே வைப்போம், தேநீரும் சமோசாவும் நான் ஒழுங்கு செய்கிறேன் என்று கேட்டேன். குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், பப்புக்குள் கால் வைக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் இங்கேதான் படிக்கிறார்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அதற்காக நான் வருந்தவில்லை. துறைத் தலைவர் சிரித்தார். “தேநீரா? அது சோஷியலாக இருக்காது, வைத்தியரைப் பார்க்கக் காத்திருக்கிற அறையாக இருக்கும்.”

வானின் கண்ணாடியைத் தட்டினேன்

அடுத்த வாரம் நானே வெளியே போய் வானின் கண்ணாடியைத் தட்டினேன். தர்சினி இன்னும் வரவில்லை. உள்ளே கொத்தமல்லி வாசம், பின்னால் வெறும் கூடைகள். நடந்ததை எல்லாம் அவள் அப்பாவிடம் சொன்னேன்: கேள்வி, பப், உதைபந்தாட்டம், எல்லாம். இன்னும் ஒரேயொரு கம்பனிதான் பேச வரவிருக்கிறது, அதுவும் தவறினால் பிள்ளையின் படிப்பு மாறிவிடும் என்றேன். மகள் இதில் ஒன்றையும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று கேட்காமலே இருந்திருக்கிறாள்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்: “தங்கச்சி, பேச்சு உள்ளுக்கை, வேலை குடுக்கிறது பப்புக்கை எண்டா, உங்கடை போஸ்டரிலை ஏன் மண்டபத்தின்ரை பேரைப் போட்டனீங்கள்?”

தோடம்பழச் சாறு

கடைசிக் கம்பனி வந்த நாள். பேச்சு முடிந்து எல்லாரும் பப்புக்குள் போனோம். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு தர்சினி வந்தாள், அவளுக்குப் பின்னால் அவள் அப்பா. கடை உடுப்பில்லை, சலவை செய்த சேர்ட் போட்டு, தலை வாரியிருந்தார். ஒரு தோடம்பழச் சாறு, அதுதான் ஆரஞ்சு ஜூஸ், வாங்கிக்கொண்டு, மகள் நின்ற இடத்துக்கு அடுத்த மேசையில் போய் இருந்தார். “நீ கதை பிள்ளை, நான் இதிலை இருக்கிறன்” என்றார். மனிதர் முதன்முதலாகப் பப்புக்குள் வந்திருக்கிறார் என்று அவர் கதிரையின் நுனியில் இருந்த விதத்திலேயே தெரிந்தது. துறைத் தலைவர் என் காதுக்குள், ஏதும் பிரச்சினையா, அந்த ஆள் யார் என்று கேட்டார். ஆர்வம் உள்ளவர் என்றேன்.

மூலையில் எங்கள் தமிழ்ப் பெடியன்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவரைக் கண்டதும் மேசையில் இருந்த பியர் கிளாஸ் எல்லாம் ஒரே தள்ளில் ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. ஒருவன் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. அன்று பேசிய கம்பனிப் பெண்மணியோடு கதைக்கத் தொடங்கிய தர்சினி முதலில் தடுமாறினாள், அப்பா பக்கம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. கம்பனிப் பெண்மணி தாள் ஒன்றை எடுத்து ஏதோ வரைந்து கேட்க, இவள் பேனாவை வாங்கி அதைத் திருத்தினாள். சாறு முடிந்த பிறகும் அவர் வெறும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

போகும்போது பெடியன்களின் மேசையருகே நின்றார். எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். “தம்பிமார், நான் உங்களைக் காணேல்லை. நீங்கள் என்னைக் கண்டதெண்டு சொன்னா, எங்கை கண்டனீங்கள் எண்டும் சொல்லவேணும்.”

வெற்றிக்கு உரியவர்

தர்சினிக்கு அந்த இடம் கிடைத்தது. செய்தியைச் சொல்ல வந்தவள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

ஆனால் துறைக் கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். துறைத் தலைவர் எழுந்து, பப்பில் சோஷியல் வைப்பதால் எப்படிப்பட்ட பலன் என்பதற்கு இந்த மாணவிதான் சாட்சி என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு தகப்பன் அங்கே வந்து இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எழுந்து சொன்னேன், அந்த அப்பா வந்திருக்காவிட்டால் இந்தப் பிள்ளையும் வந்திருக்காது, எல்லாருடைய அப்பாவும் வரமாட்டார் என்று. நான் தன்னைப் பாராட்டியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். “அதைத்தானே நானும் சொல்கிறேன். பப் என்றால் குடும்பத்தோடு வரக்கூடிய இடம்!”

வெண்டிக்காய் வாங்க வந்தவர்

கோடை விடுமுறையில் பார்க்கிங் பக்கம் போனபோது தர்சினியின் அப்பாவுடைய கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பப்பில் இருந்த பெடியன்களில் ஒருவன் பிறகு வீட்டில் பிடிபட்டிருக்கிறான். தப்புவதற்காக, தர்சினியின் அப்பாவும்தானே அங்கே வந்தவர் என்று சொல்லிவிட்டான். அது போதாதா? கதை வீடு வீடாகப் போயிருந்தது, போகப் போகத் தோடம்பழச் சாறு வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

“அண்ணை, பொம்பிளைப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பப்புக்குப் போய்க் குடிச்சனீங்களாம்” என்றார் அந்தப் பெண்மணி. “எனக்கென்ன, கேள்விப்பட்டதைச் சொல்றன். நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேசேக்கை உந்தக் கதை வரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் அங்கே இருந்தேன், அவர் குடித்தது என்ன என்று எனக்குத் தெரியும் என்று வாயைத் திறந்தேன். தர்சினியின் அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகம் கறுத்திருந்தது. ஊரில் ஒருவர் வாயில் விழாமல் இவ்வளவு காலம் இருந்த மனிதர் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. வெண்டிக்காயை நிறுத்து, பையின் வாயைச் சுற்றி முடிந்து, அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தார். “வரட்டும் அக்கா. கதைக்கிறவைக்குச் சொல்லுங்கோ, தகப்பனும் பக்கத்திலைதான் இருந்தவர் எண்டு.”

‘அனைவரும் வருக’ என்று திங்கட்கிழமை தோறும் நான் இன்னும் மின்னஞ்சல் போடுகிறேன். அப்படி எல்லாரும் வருவதற்கு எந்த வீட்டு அப்பாவின் பெயர் கெடவேண்டும் என்பதைப் போட மட்டும் துறைத் தலைவர் விடுகிறார் இல்லை.